புல்வெளியும் காடுதான்

சென்ற வாரம் நண்பர்கள் சிலர், உதகைக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் ஆயிரம் மரக்கன்றுகள் நடப்போவதாகச் சொல்லி என்னையும் அழைத்தார்கள். இடத்தின் படத்தையும் குழுவில் அனுப்பியிருந்தார்கள். முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்ந்து கிடக்கும் சரிவு; இரண்டு சரிவுகள் கூடும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாக ஒரு சோலை. படத்தின் கீழே, 'இந்த மொட்டை மலையைப் பசுமையாக்குவோம்' என்று எழுதியிருந்தது. நான் வரவில்லை என்று பதில் போட்டேன். மரம் நடுவதற்கு வர மறுப்பவனை இந்தக் காலத்தில் யாரும் நல்ல மனிதன் என்று நினைப்பதில்லை. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்த மலை மொட்டையாக இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆனைமலையிலும் ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேலே இயற்கை வைத்திருக்கும் அமைப்பே அதுதான்: நீரோடும் மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலை, திறந்த சரிவுகளில் புல். பனிக்காலத்து இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி படியும்போது சோலை மரங்களின் இளங்கன்றுகள் கருகிவிடுகின்றன. புல்லோ, மேலே காய்ந்தாலும் வேரில் உயிரை வைத்துக்கொண்டு மறுபடி துளிர்க்கிறது. ஒரு காலத்தில் அங்கெல்லாம் காடு இருந்தது, மனிதர்கள் எரித்து அழித்ததால்தான் புல் வந்தது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நீலகிரியின் பள்ளங்களில் மக்கிப் படிந்திருக்கும் கரிய சேற்றுமண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கரிமத்தை ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்ட அறிவியலாளர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டிவிட்டார்கள். உழவுத் தொழில் தொடங்குவதற்கும் முந்தைய காலம் அது.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது தாவரங்கள் மீதுள்ள ஆர்வத்தால் என்று சொன்னால் பொய்யாகும். தண்ணீரால் வந்தது. எங்கள் குடும்பத்தின் நிலம் கோபிசெட்டிபாளையம் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து அந்த வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்கு நீர் தருகிறது. வாய்க்காலில் நீர் திறந்துவிடும் ஆகஸ்ட் 15 நெருங்கினால் எங்கள் ஊரில் கொடியேற்றத்தைவிட அணையின் நீர்மட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அந்த அணைக்கு வரும் பவானியும் மாயாறும் நீலகிரியின் உச்சிகளிலிருந்து இறங்கி வருகின்றன. இமயத்தைப் போல் உருகி ஆறாக ஓட அங்கே பனிச்சிகரமும் இல்லை, பனிப்பாறையும் இல்லை. தென்மேற்குப் பருவமழையில் கொட்டும் நீரைப் புல்லின் அடர்ந்த வேர்களும் அடியிலுள்ள கருமண்ணும் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் கசிய விடுவதால்தான் ஆறு ஓடுகிறது. அணை கட்டி முடித்த பொறியாளர்களை நாம் அறிவோம். அதற்கு மேலே இருந்த இந்த அணையை யாரும் கட்டவில்லை என்பதால் அதற்குப் பெயரும் இல்லை, பராமரிப்பும் இல்லை.

அந்தப் புல்லில் மரத்தை நட்டால் என்ன ஆகும் என்பது ஊகமாகப் பேச வேண்டிய விஷயம் இல்லை. உதகையிலுள்ள மண்வள ஆராய்ச்சி நிலையத்தார், கிளென்மார்கன் என்னும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் 1972-இல் தைலமரம் நட்டு, இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து ஆண்டுகளில் மரம் வைத்த பக்கம் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரம் மறுபடி தழைத்து வளர்ந்த அடுத்த சுற்றில் அந்தக் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. இவ்வளவு தெளிவான கணக்கு நம்மிடமே, நம் மலையிலேயே எடுக்கப்பட்டதாக இருந்தும், பாசன சங்கக் கூட்டங்களில் ஒருமுறைகூட அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்த மரங்கள் எப்படி வந்தன? கோயமுத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையை உருவாக்கிய பிறகு, குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. சோலைகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தவர்கள், 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து, 'வாட்டில்' எனப்படும் சீகை மரத்தையும் தைலமரத்தையும் கொண்டுவந்தார்கள். அதை மட்டும் சொல்லி வெள்ளைக்காரன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர்வது நமக்கு வசதியானது. உண்மையில் புல்வெளிகளின் மிகப் பெரும்பகுதி போனது விடுதலைக்குப் பிறகு. தோல் பதனிடும் ஆலைகளுக்குச் சீகைப்பட்டை வேண்டும், விஸ்கோஸ் என்னும் செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று நம்முடைய திட்டங்களே மலை மலையாகப் புல்லை உழுது மரம் வைத்தன. அந்த விஸ்கோஸ் ஆலை சிறுமுகையில் பவானிக் கரையில் இருந்தது. மேலே அதற்காக நட்ட மரங்கள் ஆற்றின் நீரைக் குடித்தன. கீழே அதன் கழிவு மீதி நீரைக் கெடுத்தது.

இடையில் ஒன்று: மூக்கடைப்புக்கு நாம் தேய்த்துக்கொள்ளும் 'நீலகிரித் தைலம்' அந்த ஆஸ்திரேலியத் தைலமரத்தின் இலையிலிருந்து வருவதுதான். உதகைக்குப் போய் அந்த மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, இயற்கையின் மடி என்று தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

பழனி மலையின் நிலை இன்னும் மோசம். 1970-களிலிருந்து எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், சுமார் 40 ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறிவிட்டதைக் கண்டார்கள். புல்லோடு போவது நீர் மட்டுமா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்தத் திறந்த சரிவுகளின் செடி. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறுபறவைக்கு வேறு வீடு கிடையாது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேய்ச்சலும் இதே புல்தான். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதிலும் 1,031 வரையாடுகளே எண்ணப்பட்டன. தோடர்கள் தங்கள் எருமைகளை மேய்த்ததும், கோயில்களின் கூரை வேயப் புல் அறுத்ததும் இந்த நிலத்தில்தான். அவர்களுடைய மேய்ச்சல் வெளியைத்தான் நாம் 'வெற்றிடம்' என்று கணக்கில் எழுதிக்கொண்டோம்.

அந்தக் கணக்கு முறைதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுகிறது. இந்திய வன அளவை நிறுவனம் வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை, அதாவது மரத்தலைகள் மூடியிருக்கும் பரப்பு, 10 விழுக்காடு இருந்தால் அது வனப்பரப்பு. மரம் எந்த வகை, எந்த நாட்டது என்ற கேள்வியே இல்லை. ஆகவே தைலமரத் தோப்பு காடாகிறது. 20,000 ஆண்டுப் புல்வெளி காடாவதில்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் பசுமை இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல நோக்கம்தான், சமவெளியில், வரப்போரத்தில், சாலையோரத்தில் எத்தனை மரம் நட்டாலும் நான் கைதட்டுவேன், குழியும் தோண்டுவேன். ஆனால் விழுக்காட்டைத் துரத்தும்போது, ஆளில்லாத மலைச்சரிவுதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிறது. என் நண்பர்கள் கண்ணில் பட்டதும் அப்படித்தான்.

சரி, அயல் மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீ வைத்தாலோ, ஒரு மரம் இருந்த இடத்தில் நூறு கன்றுகள் எழும். வெட்டும் செலவுக்குப் பணம் ஒதுக்குவார்கள்; அடுத்தடுத்த ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போய்க் கன்று பிடுங்கும் கூலிக்கு ஒதுக்குவதில்தான் கை சுருங்குகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பழனி மலையில் சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டினால் வளர்ந்து வரும் சோலையையும் சேர்த்து அழித்ததாகும். 2022-இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று அரசு ஒரு கொள்கையையே வகுத்திருக்கிறது. அதற்கு முன்பிருந்தே உயர்நீதிமன்றமும் வலியுறுத்தி வருகிறது. என் கருத்தில், முழுதாக மூடிப்போன தோப்புகளைவிட, இன்னும் உயிரோடிருக்கும் புல்வெளியின் ஓரங்களை முதலில் காப்பாற்ற வேண்டும். சீகை அங்கேதான் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் எழுதியபோது ஒரு நண்பர், "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த வண்டியை என்ன செய்வது?" என்று கேட்டார். வண்டியை விட வேண்டாம், வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அதே சரிவுக்கே போவோம் என்றேன். மண் ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயரச் சீகைக்கன்று வேரோடு கையில் வந்துவிடும். ஆயிரம் கன்று நடும் நேரத்தில் ஆயிரம் கன்றைப் பிடுங்கலாம். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். மற்றவர்கள், கன்று பிடுங்குவதைப் படம் எடுத்துப் போட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.