எத்தனை கோயில் முடிச்சீங்க?

போன ஞாயிறு கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கல்யாண விருந்து. இலையில் ரசம் ஊற்றுவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "கும்பகோணம் போயிட்டு வந்தீங்களாமே, எத்தனை கோயில் முடிச்சீங்க?" முடிக்கிறதுக்கு அது என்ன வீட்டுக்கடனா? 17 என்றேன். "17 தானா? என் மச்சான் 22 முடிச்சாரு" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்தவர். அவரிடம் கொட்ட முடியாததை இங்கே கொட்டுகிறேன்.

ஏஜெண்டு போட்ட கோயில் பேக்கேஜ், ஆளுக்கு 3,200 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து நாள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரப் பயணம், இறங்கியதும் நேராகக் கும்பகோணம். ஏஜெண்டு கொடுத்த தாளில் கோயில் பெயர்கள் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி வரிசையாக இருந்தன. அம்மா அதைச் சாமி மேடையில் வைத்து ஒரு மாதம் கும்பிட்டார்.

அதில் நவக்கிரகக் கோயில் ஒன்பதுக்கும் ஒன்றரை நாள் ஒதுக்கியிருந்தார் மகராசன். வரைபடத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா தெரியவில்லை. சந்திரனுக்குரிய திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். கேதுவின் கீழப்பெரும்பள்ளம் கிழக்கே, பூம்புகார் கடலோரத்துப் பக்கம். சனீஸ்வரன் இருக்கும் திருநள்ளாறோ காரைக்காலில், புதுச்சேரி எல்லைக்குள். இதையெல்லாம் ஒன்றரை நாளில் பார்த்தால் எது தரிசனம், எது ஓட்டப்பந்தயம்? திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில்தான் ராகுவுக்குப் பாலபிஷேகம். ஊற்றுகிற பால் நீலமாக ஓடும் என்று அதைப் பார்க்கத்தான் ஊரே கூடுகிறது. எங்களைக் கொண்டு போய்ச் சேர்த்தது ராகு காலம் முடிந்து அரைமணி கழித்து. நல்ல நேரம் பார்த்துக் கூட்டிப் போனாராம்!

அப்புறம் இந்த மத்தியானக் கூத்து. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இது நேற்று வந்த வழக்கமா? இங்கே நம் கோயில்களிலும் மத்தியானம் நடை சாத்தத்தானே செய்கிறார்கள்? ஆனாலும் இரண்டு நாள் தொடர்ந்து சரியாக நடை சாத்தும் நேரத்துக்குப் போய் நின்றோம். "பரவால்லை, அதுவரைக்கும் ஷாப்பிங்" என்று ஒரு பட்டுக்கடையில் இறக்கிவிட்டார்கள். இரண்டு மணி நேரம்! குளிர்சாதனம், சோபா, ஆளுக்கொரு டம்ளர் காப்பி. மறுநாள் பித்தளைக் கடையில் ஒன்றேகால் மணி நேரம். நடை சாத்தும் நேரம் ஏஜெண்டுக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்துதான் போட்டிருக்கிறார் என்பது எனக்கு இரண்டாவது கடையில்தான் உறைத்தது.

பட்டுக்கடைக்கு இரண்டு மணி நேரம் கொடுத்த மனிதர் தாராசுரத்துக்குக் கொடுத்தது இருபது நிமிடம்.

தாராசுரம் சார்! இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தட்டினால் ஓசை வரும் என்கிற படிகளுக்குக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறார்கள். எங்கள் குழு முழுக்க அந்தக் கூண்டைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தது. ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பத்துக்கு முன்னால் அடுத்த வரிசை. அம்மா மட்டும் கருவறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் குனிந்து நின்றார். நாயன்மார் கதைகளை அங்கே சின்னச் சின்னதாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் தோட்டத்துக் கோயில் தேவார வகுப்பில் படித்த கதைகள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையை அம்மா விரலால் தேடிக் கண்டுபிடித்தார். "இங்க பாரு, முதலை வாயிலேருந்து புள்ள வருது" என்று என் கையைப் பிடித்து இழுத்த அந்த நேரம் பார்த்து வெளியே ஆரன் சத்தம். தொடர்ந்து மூன்று தடவை. அந்தச் சிற்பத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை.

தஞ்சாவூர் பெரிய கோயில் பரவாயில்லை, முக்கால் மணி. 1010இல் கட்டி முடித்த விமானம் 216 அடி. அதற்கடியில் நிற்க வைத்து, "இதன் நிழல் தரையில் விழாது" என்றார் வழிகாட்டி. வெயில் தாங்காமல் நாங்கள் அத்தனை பேரும் ஒதுங்கி நின்றதே அந்த நிழலில்தான். கேட்டால் முறைக்கிறார். நானூறு ஆடல் மகளிரை வரவழைத்து வீடு கொடுத்துக் குடிவைத்ததைக்கூடக் கல்வெட்டில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் ராஜராஜன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். எங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவர் ஊர் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமம். சூரியனார்கோயில் போகிற வழிதான், பத்து நிமிடம் நிறுத்துங்கள் என்று பணம் கட்டும்போதே சொல்லியிருந்தேன். "கண்டிப்பா நிறுத்தலாம் அண்ணே" என்று தலையாட்டினார். அங்கே போனதும் "நேரமாச்சு, திரும்பி வரும்போது பார்ப்போம்." திரும்பி வந்தது வேறு வழி. பாட்டனார் ஊரில் அம்மா பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக ஒரு பெயர்ப்பலகை. அவர் போனில் அது மங்கலாக, பாதி எழுத்தோடு இருக்கிறது.

ஏஜெண்டை மட்டும் திட்டி என்ன பயன்? 22 முடித்த மச்சான்கள் இருக்கிறவரைக்கும் அவர் அந்தத் தாளைத்தான் அச்சடிப்பார். பத்துமலையில் 272 படி ஏறாமல், கீழே முருகன் சிலையோடு ஒரு போட்டோ எடுத்துவிட்டு வேன் ஏறுகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்து நாம் சிரிப்போமே, தாராசுரத்தில் நாங்கள் அவர்களாகத்தான் இருந்தோம்.

நேற்று இந்திய முஸ்லிம் மாமாக் கடையில் பசியாறும்போது என் மச்சானிடம் சொன்னேன்: அடுத்த வருஷம் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன், பேக்கேஜ் கிடையாது, வாடகைக் காடி, நாலு நாளும் கும்பகோணம் மட்டும். அவர் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி கேட்டார்: "நாலு நாளா? ஒரே ஊர்லயா? என்னங்க பண்ணுவீங்க?"