உருண்டைக் கல் அல்ல, கடல்நாய்ப் பாறை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கானமரா பகுதியில் ரவுண்ட்ஸ்டோன் என்று ஒரு சின்ன ஊர். ஏதோ உருண்டைக் கல் என்றுதான் நானும் நினைத்தேன். அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷில் அதன் பெயர் க்ளோக் ந ரோன். 'ரோன்' என்றால் கடல்நாய். கடல்நாய்ப் பாறை! 'ரோன்' ஆங்கிலக் காதில் 'ரவுண்ட்' ஆகி, கடல்நாய்கள் காணாமல் போய்விட்டன.

1824இல் தொடங்கிய பிரிட்டிஷ் நில அளவை, வரி போடுவதற்காக நாடு முழுக்க வரைபடம் தயாரித்து, இந்த மாதிரிப் பெயர்களை அச்சில் ஏற்றியது. அதில் வேலை பார்த்த ஐரிஷ் அறிஞர் ஜான் ஓடொனவன் மூலப் பெயர்களை விசாரித்து எழுதிவைத்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் 1845இல் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிக்குத்தான் பலத்த அடி. ஆட்கள் போனதும் வயல்களின் பெயரைச் சொல்லவும் ஆளில்லை.

அந்தப் பெயர்களைத் தேடி நடந்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பதுதான் வேடிக்கை. லண்டனில் ஓவியராக இருந்த டிம் ராபின்சன் 1972இல் அந்த மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள அரன் தீவில் குடியேறினார். சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு வரைபடம் போடலாமே என்று ஊர்த் தபால் நிலையப் பெண்மணி சொல்லப்போய், ஐரிஷ் கற்றுக்கொண்டு, பாறை பாறையாகப் பெயர் கேட்டு வரைந்தார். அளவையாளரின் வேலையை ஓவியரின் பொறுமையோடு செய்தார். பிற்பாடு அவர் வாழ்ந்ததும் அதே க்ளோக் ந ரோனில்தான்.

2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் சுமார் 72 ஆயிரம்தான். பாடப்புத்தகம் மட்டும் போதாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கப்பலேறியவர்களின் வாரிசுகளாகப் பூர்வீக மண்ணைப் பார்க்க வந்து, பின்னல் கோலம் போட்ட கெல்டிக் முடிச்சுப் பதக்கம் வாங்கிப் போகிறவர்கள் மீதும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. (ஐரிஷ் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 'டா கேல்கே அகம்' என்றால் 'என்னிடம் ஐரிஷ் இருக்கிறது'. நம்மைப் போலவே அவர்களுக்கும் ஆங்கில 'ஹேவ்' கிடையாது.)

அந்த மேற்குக் கரையின் கால்வே நகரத்தில் என்னோடு வேலை பார்த்த பெண், பள்ளியில் ஐரிஷ் என்றாலே ஓடியவர். தாத்தாவின் நிலத்தை வரைய உட்கார்ந்தபோதுதான் வயல்களின் பெயர் தெரியவில்லையே என்று உறைத்தது. பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போனார். கிழவர் ஐரிஷில் சொல்ல, இவர் தட்டுத் தடுமாறி எழுதிக்கொண்டார். ஒன்று கிணற்றுத் தோட்டம். கிணறு எப்போதோ தூர்ந்துவிட்டது. அடுத்ததற்கு ஆட்டுக் கொல்லை மாதிரி ஒரு பெயர். கடலை ஒட்டிய மூன்றாவது வயலின் பெயர் கிழவருக்கும் மறந்துபோச்சு. படத்தில் அந்த இடத்துக்கு மட்டும் அந்தப் பெண் இன்னும் வண்ணம் பூசவில்லை.