மூளை அழற்சியைத் தணித்தால் ஆட்டிசமும் மறதிநோயும் குணமாகுமா?

“ஆட்டிசம், மறதிநோய் இரண்டுமே மூளை வீக்கம்தான், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை போதும், சரியாகிவிடும்” என்று கைபேசிகளில் சுற்றிவரும் செய்தி தவறானது.

குழப்பம் ‘வீக்கம்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. சுளுக்கிய கணுக்கால் போல மூளை இங்கே புடைத்துக்கொள்வதில்லை. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா தம் மெல்லிய கிளைகளைச் சுருக்கித் தடித்து, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் நிலையே நரம்பழற்சி எனப்படுகிறது. ஆட்டிசம் இருந்த சிலரின் மூளைத் திசுவை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது இத்தகைய மாற்றம் தென்பட்டதாக 2005இல் ஓர் ஆய்வு தெரிவித்தது உண்மையே. ஆனால் அது காரணமா, விளைவா என்பதை இறந்தவரின் திசு சொல்லாது.

மறதிநோயின் பரவலான வகையான அல்சைமரில் அழற்சிக்குப் பங்குண்டு என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. அப்படியிருந்தும், அமெரிக்காவில் முதியவர்களுக்கு நாப்ராக்சன், செலிகாக்சிப் ஆகிய அழற்சி எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் நோய் தடுக்கப்படவில்லை. இதயப் பாதிப்பு குறித்த அச்சத்தால் 2004இல் மருந்து கொடுப்பதே நிறுத்தப்பட்டது. இன்று அல்சைமருக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் டோனெபெசில் என்னும் மருந்து அழற்சியைக் குறிவைப்பதல்ல: அது நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதைவதைத் தடுத்து நினைவாற்றலுக்குச் சற்றுக் கைகொடுக்கும், நோயின் போக்கை நிறுத்தாது. ஆட்டிசமோ பிறப்புக்கு முன்பே தொடங்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு; மாத்திரையால் வற்றிவிடும் வீக்கம் அல்ல. செய்தியை நம்பி நாப்ராக்சன் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கும் முதியவருக்கு இரைப்பையில் இரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் நேரக்கூடும்.