சோகத்தை விற்கிறாராம்!

சனிக்கிழமை புகைப்படக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் எழுதிவிட்டீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. தூய்மைப் பணியாளர்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர் பழனிக்குமாரின் படங்களைத் திரையில் ஓட்டிவிட்டு, "இதில் அழகியல் எங்கே? எப்பப் பார்த்தாலும் சாக்கடை, சாவு. சோகத்தை விற்கிறார்" என்று அண்ணன் மைக்கில் சொன்னாரே, அதற்குக் கைதட்டல் வேறு.

சரிங்க அண்ணா. எடுக்கிறவர் எங்கே நின்று எடுக்கிறார் என்று பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவைப் பல வருடம் படமெடுத்தவர். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். கிராமத்து மக்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்யும் பாரி (PARI) இணையதளத்தில் வந்த, ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களின் படங்களைப் பாருங்கள். தண்ணீரில் இறங்குமுன் விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். காருக்குள் உட்கார்ந்து ஜூம் போட்டால் அந்தத் துணி தெரியுமா? தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதன்முதலில் இவருக்குத்தான் கொடுத்தார்கள். உலகறிந்த புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்குக்கு அழகியல் தெரியாது போல.

"ஓ, விருதுக்காக எடுக்கிறார்" என்பீர்கள். தூய்மைப் பணியாளர் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துக் கற்றுத் தருகிறார். சோகத்தை விற்கிறவன் தொழில் ரகசியத்தை இப்படியா ஊருக்குச் சொல்லித் தருவான்?

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013லேயே சட்டம் தடை செய்துவிட்டது. சாவு நிற்கவில்லை. "எப்பப் பார்த்தாலும் சாவா" என்று கேட்க வேண்டிய இடம் போட்டோ கண்காட்சி இல்லை அண்ணா.

"அப்போ அவங்கவங்க கஷ்டத்தை அவங்கவங்கதான் எடுக்கணுமா?" என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி. நல்ல கேள்விதான். இன்னொரு நாள் பேசலாம், இன்றைக்கு நான் அந்த மனநிலையில் இல்லை.

என் அப்பா பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். பள்ளிக்கூடப் படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்றுதான் எழுதுவேன். அவர் இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு ஒரு படம் இல்லை. ரேஷன் கார்டில் இருந்த முகத்தை ஸ்டூடியோக்காரர் வெட்டி, கீழே சாம்பல் நிறக் கோட்டும் டையும் ஒட்டிக் கொடுத்தார். கழுத்து ஒரு பக்கம், காலர் ஒரு பக்கம். காக்கிச் சட்டையைத் தவிர வேறெதிலும் நான் பார்த்திராத மனுஷன்.

வாருகோலோடு ஒரு படம் யாராவது எடுத்திருந்தால்? சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அதை மாட்டியிருக்க மாட்டேன். மைக்கில் அண்ணன் சொன்ன அழகியல் எங்கள் வீட்டுக்குள்ளும் இருந்தது.

இப்போது கேமரா என்னிடம் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் மாப்பிள்ளை கோட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளிக் பண்ணுகிறேன். வீட்டில் அப்பா இன்னும் அந்த டையோடுதான் இருக்கிறார்.