அதிரசம் போட்டுப் பாருங்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை விளக்கும் கேம்பல் லேன் கடைத்தெரு நெரிசலும் இருக்கிறது, வீட்டுக்குள் தீபாவளி இல்லை என்று ஒரு கட்டுரையாளர் அலுத்துக்கொள்கிறார். பாதி சரி. நாங்களும் டப்பா முறுக்கு வாங்கி அடுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள்தான்.

போன வருஷம் அம்மாவிடம் கேட்டு அதிரசம் போட்டோம். பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் அரைத்து, வெல்லப்பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்கிக் கலக்க வேண்டும், அப்புறம் மாவை ஓரிரு நாள் மூடி வைக்க வேண்டும். பாகு பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்து போகும், அவ்வளவுதான். பிள்ளைகள் அந்த மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்களே, எங்களுக்குப் பண்டிகை அங்கேதான் ஆரம்பித்தது!

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் எண்ணெய் வாசம் தாழ்வாரம் முழுக்கப் போய்விடும் (குறையாக நினைக்காதீர்கள்). எதிர்வீட்டு மலாய் மக்சிக் (ஆன்ட்டி) எட்டிப் பார்த்து, அரிசி மாவில் குலா மலாக்கா (தென்னங்கருப்பட்டி) சேர்த்துத் தங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று செய்வோம் என்று சொல்லி, இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு இங்கே ஒரு நாள்தான் பொது விடுமுறை, அதனால் முந்தின வார இறுதியிலேயே மாவைக் கலந்துவிடுங்கள். வெல்லம் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கிடைக்கும், கடைசி நாள் மட்டும் போகாதீர்கள்.