பருப்பில் புரதமே இல்லையாம்!

இரண்டு நாட்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த உடற்பயிற்சிப் பயிற்றுநரின் காணொளியை நானும் பார்த்தேன். பருப்பில் இருப்பது வெறும் மாவுச்சத்துதானாம். கறி தின்னாத தயிர்சாதங்களுக்கு உடம்பு தேறாதாம். அதற்குக் கீழே என் நட்புப் பட்டியலில் உள்ளவர்களே சிரித்துவைத்திருப்பதைக் கண்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். வேகவைக்காத துவரம்பருப்பு 50 கிராமில் 11, கொண்டைக்கடலை 50 கிராமில் 9, கைப்பிடி வேர்க்கடலையில் 7, பாலும் தயிருமாக 400 மில்லியில் 12, அரிசியும் கோதுமையுமாக 250 கிராமில் 18 கிராம் தேறும். கூட்டிப் பாருங்கள், ஐம்பதைத் தாண்டுகிறது. மீல்மேக்கரை நான் இன்னும் தொடவே இல்லை.

தாவரப் புரதம் முழுமையற்றது என்று சிலர் வருவார்கள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றில் லைசின் அரிசியில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு; ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால்தான் இட்லியும் பொங்கலும் அடையும் நல்ல உணவாகின்றன. செரிமானம் சற்றுக் குறைவு என்பீர்களானால், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் போயிற்று. வைட்டமின் பி12 பற்றிக் கேட்பது நியாயம், ஆனால் அது புரதம் அன்று.

அடுத்து சாதியை இழுப்பீர்கள் என்பதும் தெரியும். என் தாத்தா வள்ளலாரைப் படித்துப் புலாலை விட்டவர். எங்கள் வீட்டு சைவம் அப்படி வந்தது. பிறர் தட்டிலுள்ள மீனைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னதில்லை. சத்துணவில் முட்டை வேண்டும் என்று இதே பக்கத்தில் சண்டையிட்டவளும் நான்தான். ஆனாலும் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், "அதனால்தான் இப்படி ஒல்லியாக இருக்கிறீர்கள்" என்ற கரிசனம் மட்டும் தவறாமல் வரும்.

அம்மாவுக்கு உடல் தளர்ந்தபோது மருத்துவர் ஒருவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமலேயே, கறி தின்னாததால் வந்தது என்று முடித்துவிட்டார். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மாவுக்குப் பருப்பு மிஞ்சுவதே இல்லை, தெளிந்த ரசமும் ஊறுகாயும்தான். மீன் குழம்பு வைக்கும் வீடுகளிலும் கடைசியில் உண்பவருக்குத் துண்டு மிஞ்சுவதில்லை, குழம்புதான் மிஞ்சுகிறது. சோற்றைக் குவித்து, பருப்பைத் தேடிப் பிடிக்கவேண்டிய சாம்பாரை ஊற்றி உண்டால் யாருக்கும் புரதம் போதாது. குறை அளவில் இருக்கிறது, பருப்பில் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இதையேதான் சொல்வேன்.

கடும் எடைப்பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை வேண்டியிருக்கும். அதை இறைச்சியின்றி எட்டச் சோயாவும் பனீரும் கணிசமாகத் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்றுநர் அதையா சொன்னார்? தயிர்சாதம் என்று கேலி செய்த கையோடு அவர் விற்கும் வே புரதத்தூள், பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது. பாத்திரத்தில் இருந்தால் பலவீனம், டப்பாவில் அடைத்து ஆயிரக்கணக்கில் விலை வைத்தால் வீரம் போலும். சிரித்துவைத்த நண்பர்கள், நேற்று உங்கள் தட்டில் விழுந்த பருப்பு எத்தனை கிராம் என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.