வீட்டில் வண்டி ஓட்டாதவர் யார்? அவரை வைத்து ஏரியாவைத் தேர்ந்தெடுங்கள்

திருச்சியில் வீடோ மனையோ வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த ஏரியா நல்லா டெவலப் ஆகும்?" என்றுதான். போன வாரம் துபாயில் இருக்கும் சித்தப்பா மகனும் அதையே கேட்டான். பஞ்சப்பூரைத் தாண்டி, மதுரை நெடுஞ்சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, புது மனைப்பிரிவில் ஒரு தனி வீடு. வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கிறது. மாடுலர் கிச்சன், கார் நிறுத்த இடம், மாடியில் பால்கனி. "பஸ் ஸ்டாண்டே அங்க வந்துருச்சுண்ணே, இனிமே விலை ஏறத்தான் செய்யும்" என்றான். "சரி, அந்த வீட்ல யாருடா இருக்கப் போறா?" என்று கேட்டேன். சித்தப்பாவும் சித்தியும். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சித்தப்பா வண்டியைத் தொடுவதில்லை. சித்தி என்றைக்குமே ஓட்டியதில்லை.

அவனிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் நிறைய பேர் இருக்கிறீர்கள்.

நம் குடும்பங்களில் ஏரியாவை முடிவு செய்வது பெரும்பாலும் பைக்கோ காரோ ஓட்டுகிற ஆண்தான். அவருக்கு எட்டு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புவார். பகல் முழுக்க அந்தத் தெருவில் இருக்கப் போவது அம்மா, அப்பா, மனைவி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். மாத்திரை தீர்ந்தால், கொத்தமல்லி வேண்டுமென்றால், பிள்ளைக்கு ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் அவர்கள்தான் தெருவில் இறங்க வேண்டும். அதனால் வீட்டில் வண்டி ஓட்டாதவர் யாரோ, அவர் தனியாக, யாரையும் எதிர்பார்க்காமல், எதையெல்லாம் செய்துகொள்ள முடியும் என்பதுதான் ஓர் ஏரியாவின் முதல் தகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். விலை ஏறுமா, வாஸ்து சரியா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பஞ்சப்பூர் பேருந்து முனையத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2025 மே மாதம் திறந்தார்கள், ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்து ஓடுகின்றன. ஆனால் வெளியூர்ப் பேருந்து நிலையம் பக்கத்தில் இருப்பது வேறு, உங்கள் தெருமுனைக்கு டவுன் பஸ் வருவது வேறு. சித்தி மதுரைக்கு வருஷத்தில் ஒரு முறை போவார், கல்யாணம் காதுகுத்து என்றால் இன்னொரு முறை. ஆனால் சர்க்கரை பார்க்கப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கும், காய்கறிக்குத் தென்னூர் உழவர் சந்தைக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும். மனைப்பிரிவிலிருந்து நெடுஞ்சாலை வரை ஒன்றரை கிலோமீட்டர், நிழலுக்கு ஒரு மரமில்லை. சித்திரை வெயிலில் அந்த அம்மா எப்படி நடப்பார்? ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்குப் போட மனம் வராமல், போவதையே குறைத்துக்கொள்வார். வெளியே போவதைக் குறைத்துக்கொண்ட முதியவர்கள் எவ்வளவு வேகமாகத் தளர்ந்துபோகிறார்கள் என்பதை எங்கள் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன்.

"இப்ப இல்லைன்னாலும் அஞ்சு வருஷத்துல எல்லாம் வந்துரும்" என்பார்கள். வரலாம். வராமலும் போகலாம். இதே மதுரை சாலையில் கள்ளிக்குடியில் காய்கறி, பழ, பூ வணிகத்துக்கென்று பெரிய வளாகம் கட்டி 2017இல் திறந்தார்கள். ஊருக்குள் இருக்கும் காய்கறிச் சந்தையான காந்தி மார்க்கெட் இங்கே வந்துவிடும் என்ற பேச்சை வைத்து அந்தப் பக்கம் மனை விற்றவர்களை எனக்குத் தெரியும். வியாபாரிகள் இடம்பெயர மறுத்துவிட்டார்கள், காந்தி மார்க்கெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அரசு அறிவித்து, பணம் ஒதுக்கி, கட்டியும் முடித்த ஒன்றுக்கே இந்த நிலைமை. "வரப்போகிறது" என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்தவற்றை நம்பி உங்கள் பெற்றோரை அங்கே குடியேற்றாதீர்கள். முதலீட்டுக்கு மனை வாங்குகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு, இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

டவுன் பஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கையில் இது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது பேருந்தில் போகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு. ஜங்ஷன் பக்கமிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு யாரும் நேரம் பார்த்துக் கிளம்புவதில்லை, ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். புறநகரில் சில ஊர்களுக்கு ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். என்னுடன் வேலை பார்த்த ஒருவர் மாத்தூர் தாண்டி வீடு கட்டிக் குடிபோனார். அவர் மனைவி ஊருக்குள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, பத்து வருஷத்துக்கும் மேலான அனுபவம். பஸ் நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவரவில்லை. மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடித்து இருட்டில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஒரு கல்வியாண்டு தாக்குப்பிடித்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். சொந்த வீடு வந்தது, அவருடைய சம்பளமும் அவர் கட்டியெழுப்பிய வேலையும் போயின. வீட்டுக் கடன் போடும்போது வங்கியில் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. குடும்பமாவது எடுக்க வேண்டும்.

அதனால் மனை பார்க்கப் போகும்போது புரோக்கருடைய காரில் ஏறாதீர்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போங்கள். இறங்கி நடங்கள். இரவு ஏழரை மணிக்கு ஒரு தடவை போய், உங்கள் மகள் டியூஷன் முடிந்து அந்த வழியில் தனியாக வருவாளா என்று பாருங்கள். தெருவிளக்கு இல்லை என்றால் ஏன் இல்லை என்று ஊராட்சியில் கேளுங்கள். மனைப்பிரிவைப் போட்டவர் அதன் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது முறையாக நடக்காத இடங்களில் விளக்கு போடவும் சாலை போடவும் "அது எங்க ரோடு இல்லை" என்றுதான் பதில் வரும்.

தஞ்சாவூர் சாலையில் காட்டூர், திருவெறும்பூர் பக்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். பெல் தொழிற்சாலை வந்த காலத்திலிருந்து வளர்ந்த பகுதி. கடை, பள்ளி, மருத்துவமனை, பஸ் எல்லாம் உண்டு, எனக்கும் பிடித்த பக்கம்தான். ஆனால் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் சாலை வேண்டும் என்று அங்குள்ள மக்கள் எத்தனையோ வருஷமாகப் போராடியவர்கள். நெடுஞ்சாலைக்கு எந்தப் புறம் உங்கள் வீடு, எந்தப் புறம் பள்ளியும் பஸ் நிறுத்தமும் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தினமும் இரண்டு முறை லாரிகளுக்கு நடுவே ஒரு குழந்தை சாலையைக் கடக்க வேண்டிய வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலிவு இல்லை. அதே சாலையில் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை நடந்திருக்கிறது, முன்பிருந்த அளவு இல்லை. இருந்தாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாங்குவதாக இருந்தால் ஆடிக் காற்று அடிக்கும்போது போய், வீட்டுச் சன்னலைத் திறந்து வைத்து நின்று பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் யாருக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருக்கெடுத்து கருமண்டபம், எடமலைப்பட்டிப்புதூர், உறையூர், வயலூர் சாலைப் பகுதிகளுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள், வெளியூரிலிருந்து வந்து வாங்குபவர்களுக்கோ அது செய்தியாகக்கூடத் தெரியாது. திருச்சி என்றால் காவிரி மட்டும்தான் ஆறு என்று நினைத்துவிடுகிறோம். காவிரியில் வரும் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட முக்கொம்பு இருக்கிறது. தெற்கே இருந்து வரும் இந்தக் காட்டாறுகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. மேலே ஏரிகள் நிறைந்தால் ஒரே இரவில் வந்துவிடும். நடுவே பேட்டைவாய்த்தலையிலிருந்து வரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் வேறு, ஊருக்குள்ளேயே ஓடுகிறது.

இதை நாமே சரிபார்க்கலாம், வழி இருக்கிறது. அந்தச் சர்வே எண்ணின் பட்டாவோடு, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் (எஃப்எம்பி) அரசு இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் வாய்க்கால் கோடு போகிறதா, ஏரி, குளம் என்று வகைப்படுத்திய நிலம் ஒட்டியிருக்கிறதா என்று அதில் தெரியும். படத்தில் வாய்க்கால் இருந்து, நேரில் போனால் அங்கே தார்ச் சாலையோ காம்பவுண்டுச் சுவரோ இருந்தால், அந்தத் தண்ணீர் மழைக்காலத்தில் எங்கே போகும் என்று யோசியுங்கள். அப்புறம் அந்தத் தெருவில் பத்து வருஷமாக இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், ரேஷன் கடையில் நிற்கும் அம்மாக்களிடம் பேசுங்கள். விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

குடிதண்ணீரும் அப்படித்தான். மாநகராட்சி எல்லைக்குள் காவிரிப் படுகைக் கிணறுகளின் தண்ணீர் குழாயில் வருகிறது. எல்லையைத் தாண்டினால் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒவ்வொரு நிலைமை. தெற்கே போகப் போகப் பாறை, போர் எவ்வளவு ஆழம் போனாலும் பல இடங்களில் உப்புதான். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதையும் தாண்டினால் கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். லாரிக்காரருக்குப் போன் போட்டுக் காத்திருப்பதும், வந்த கேனைத் தூக்குவதும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காகித விஷயங்கள் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் எல்லாவற்றையும் நீங்களே அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டுங்கள், விற்பவர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞரிடம் வேண்டாம். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு வந்த அங்கீகாரமற்ற மனையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"பிடிக்கலைன்னா வித்துட்டு வேற வாங்கிக்கலாம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் இந்த 9 சதவீதம் போகும். புரோக்கர் கமிஷன், மரவேலை, குடிபெயரும் செலவு தனி. அதைவிட, எந்த ஏரியா என்று முடிவு செய்தீர்களோ அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஐப்பசியிலிருந்து பங்குனி வரை குடும்பத்தோடு இருந்து பாருங்கள். மழையும் தெரியும், வெயிலின் தொடக்கமும் தெரியும்.

ஊருக்குள் விலை கட்டுப்படியாகாது என்பது உண்மை. தில்லைநகரில் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே 1500 சதுர அடி தனி வீட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் உறையூரிலோ பீமநகரிலோ எடமலைப்பட்டிப்புதூரின் மேடான பகுதியிலோ ஒரு பழைய சின்ன வீட்டையோ இரண்டு படுக்கையறை ஃபிளாட்டையோ தேடிப் பார்க்கக்கூட நம் மக்கள் தயங்குகிறார்கள். சொந்த மண் வேண்டும், நாலு பக்கமும் சுவர் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. அதற்காக ஒரு பெண்ணின் வேலையையும், முதியவர்களின் நடமாட்டத்தையும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தனியாக நூலகம் போய்வரும் சுதந்திரத்தையும் விலையாகக் கொடுக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் இவையெல்லாம் காலடியிலேயே கிடைக்கும், ரயில் நிலையமும் உண்டு. ஆனால் 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மாதக்கணக்கில் மூடியபோது தினமும் சுற்றிப்போய் அவதிப்பட்டவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தம்பியிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அடுத்த லீவில் வரும்போது சித்தியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் மூன்று ஏரியாக்களைப் பார்ப்பதாகப் பேச்சு. சித்திக்கு எது ஒத்துவருகிறதோ அதுதான்.

கருமண்டபம், வயலூர் சாலை, காட்டூர், மாத்தூர், நாவல்பட்டு, மண்ணச்சநல்லூர் பக்கம் இருப்பவர்கள், உங்கள் தெருவில் மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கமெண்ட்டில் எழுதுங்கள். வீடு தேடிக்கொண்டிருக்கும் நிறைய பேர் இதைப் படிப்பார்கள்.